மழையில் கரைந்த மாவும் ஓர் எள்ளுருண்டையும்



ஆண்டிறுதி விடுமுறையில் நான் வழக்கமாகச் செய்யும் வேலைகள் மூன்று. அலமாரியை ஒழுங்குபடுத்துவது, ஜனவரிக்கான பயிற்றுத்தாள்களைத் தயாரிப்பது, தேக்காவுக்குச் சென்று வேண்டியதையும் வேண்டாததையும் வாங்கி வருவது. ஓடுவது அந்தப் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை. நான் படித்த காலத்தில் விளையாட்டு நாளன்று மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காலணிகளுக்கும் காவல் இருந்தவள். அப்படிப்பட்டவள் மார்கழியின் முதல் சனிக்கிழமை மாலையில், கொட்டும் மழையில், சிராங்கூன் சாலையின் சந்துபொந்துகளில் முப்பது பேரோடு ஓடினேன் என்றால் நம்புவீர்களா? என் கணவர் நம்பவில்லை. சேறு படிந்த காலணியைக் காட்டிய பிறகே நம்பினார்!

காரணம் மிகவும் சாதாரணமானது. எனக்கு வயது 46. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்தார். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசையில் அமரும் கணித ஆசிரியையிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பல ஆண்டுகளாக ஓர் ஓட்டக் குழுவில் இருக்கிறார். "நீ ஓடவே வேண்டாம், நடந்து வந்தால் போதும். கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கே யாரும் சாப்பிடத் தொடங்கமாட்டார்கள்" என்றார். வருபவர் ஒவ்வொருவரும் வீட்டில் செய்த பலகாரம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கமாம். ஓட்டம் எனக்கு வராது, பலகாரம் வரும். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அது 'ஹேஷ்' வகையைச் சேர்ந்த குழு. இந்தப் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. உங்களுள் பலரும் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள் என்பதால் சற்று விளக்குகிறேன். நம் மண்ணோடு தொடர்புடைய வரலாறு இது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு மாணவன் முயலாக முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வான். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அந்தத் தடத்தைப் பின்பற்றித் தேடுவார்கள். 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஏ. எஸ். கிஸ்பர்ட் என்னும் கணக்காய்வாளரும் அவருடைய நண்பர்களும் இந்த விளையாட்டை ரப்பர்த் தோட்டங்களில் தொடர்ந்து நடத்தத் தொடங்கினார்கள். அவர்களுள் சிலர் தங்கியிருந்த சிலாங்கூர் கிளப் விடுதியின் சாப்பாடு சுவையற்றதாக இருந்ததால், அதைக் கேலியாக 'ஹேஷ் ஹவுஸ்' என்று அழைத்தார்களாம். ஹேஷ் என்பது மிச்ச இறைச்சியையும் கிழங்கையும் கொத்திக் கிளறிச் செய்யும் உணவு. (நம் கொத்துப் புரோட்டாவுக்கு இருக்கும் மரியாதை அதற்கு இல்லை போலும்!) கேலிப்பெயரே குழுவின் பெயராயிற்று. 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்று பதிவு செய்தார்கள்.

கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் இங்கே, சிங்கப்பூரைக் காக்க நடந்த போரில், புக்கிட் தீமா வட்டாரத்தில் உயிரிழந்தார். போர் முடிந்ததும் நண்பர்கள் கோலாலம்பூரில் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். 1962இல் சிங்கப்பூரிலும் ஒரு குழு தோன்றியது. தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே ஓடினார்கள். 1970களில் பெண்களுக்கும் குழுக்கள் வந்தன. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 2,000 குழுக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். போருக்குப் பிந்தைய கோலாலம்பூர்ப் பதிவில் எழுதிவைத்த நோக்கங்களுள் ஒன்று, வயதான உறுப்பினர்களுக்கு அவர்கள் நினைக்கும் அளவுக்கு வயதாகிவிடவில்லை என்று உணர்த்துவதாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

என்ன பலகாரம் செய்வது என்று யோசிக்கவே தேவையில்லை. எள்ளுருண்டைதான். கறுப்பு எள்ளைக் களைந்து, உலர்த்தி, படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து இடித்து, சூடு ஆறுமுன் உருட்டிவிட வேண்டும். எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம். இது என் அம்மாவின் முறை. "சனிக்கிழமையும் அதுவுமாக எள்ளா? நவக்கிரகத்துக்கா, நண்பர்களுக்கா?" என்று மாமியார் கேட்டார். அறுபது உருண்டைகளை இரண்டு டப்பாக்களில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

நான்கு மணிக்கு ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. டிசம்பர் நமக்கு மழை மிகுந்த மாதம். சராசரியாக 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டம் வைத்தால் நனையத்தான் வேண்டும். ஆனால், இடி விழுந்தபோது குழுத்தலைவர் யாரையும் வெளியே விடவில்லை. ஓவன் சாலை அருகே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்களை ஒதுங்கச் செய்து, கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகே அனுமதித்தார். மழை மட்டும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விதிகளைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும்.

'முயல்' காலையிலேயே வந்து தரையில் கைப்பிடி கைப்பிடியாகக் கோதுமை மாவை இட்டுச் சென்றிருப்பார். மாவு இருக்கும் வழியே பாதை. சில இடங்களில் மாவால் ஒரு வட்டம் போட்டிருக்கும். அங்கே பாதை அறுந்துவிடும்! அடுத்த மாவு எந்தத் திசையிலும் இருக்கலாம். வேகமாக ஓடுபவர்கள்தாம் முதலில் வட்டத்தை அடைவார்கள். அவர்கள் நாலா பக்கமும் பிரிந்து ஓடித் தேட வேண்டும். சில திசைகளில் மூன்று நான்கு மாவு அடையாளங்கள் இருக்கும், பிறகு ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது பொய்ப்பாதை, திரும்பி வட்டத்துக்கே வரவேண்டும். உண்மைப் பாதையைக் கண்டவர் "ஆன்-ஆன்!" என்று கத்துவார். பின்னால் இருப்பவர்கள் "ஆர் யூ?" என்று கேட்பார்கள். இந்தத் தேடல் நடக்கும் நேரத்தில் மெதுவாக வருபவர்களும் வட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

நான் ஆண்டுதோறும் முயல் ஆமை கதையைக் கற்பிக்கிறேன். அந்தக் கதையில் முயல் தூங்கினால்தான் ஆமைக்கு வாழ்வு. இங்கோ முயலே பாதை போடுகிறது, ஆமையும் வந்து சேரும்படியாகப் போடுகிறது. கீழ்த்தளத்தில் நின்று கேட்டபோது இதை வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

புறப்பட்டோம். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரை நாம் தினமும் சொல்கிறோம்; அங்கே உண்மையாகவே குதிரைகள் ஓடின என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1840களில் தொடங்கி 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயரும்வரை இந்த வட்டாரத்தில்தான் குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு 2000இல் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் நடந்து, 180 ஆண்டுக் கதை முடிந்தது. பந்தயத்தின் பெயரைத் தாங்கிய அதே சாலையில், பந்தயமே கூடாது என்று சொல்லும் ஒரு கூட்டம் மழையில் நனைந்துகொண்டு ஓடியது.

மழையில் மாவு என்ன ஆகும்? கரைந்துதான் போகும்! சிராங்கூன் சாலையைக் கடந்து சையது அல்வி சாலைப் பக்கம் போனபோது திறந்தவெளியில் இருந்த அடையாளங்கள் கஞ்சித் தண்ணீராக வடிகாலில் ஓடிவிட்டன. பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைகளில் மட்டுமே மாவு எஞ்சியிருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க, கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் அன்று எங்களுக்குக் கைகொடுத்தது. கூரை இருந்த இடத்தில் வழி தெரிந்தது, கூரை முடிந்த இடத்தில் வழியும் முடிந்தது.

இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. மார்கழி அல்லவா? ஒரு கடை வாசலில் யாரோ அழகாகப் புள்ளிக்கோலம் போட்டிருந்தார்கள். முன்னால் ஓடிய இளைஞர்கள் அதைத்தான் முயல் போட்ட வட்டம் என்று நம்பி, அப்பர் டிக்சன் சாலைக்குள் பாய்ந்து, மறுமுனை வரை ஓடிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். கடைக்கார அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த இளைஞர்களுக்குக் கோலத்துக்கும் மாவு அடையாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியவள் நான்தான். அன்றைய ஓட்டத்தில் என்னுடைய ஒரே சாதனை அது.

மற்றபடி நான் பின்தங்கிவிட்டேன். கண்ணாடியில் நீர், காலணிக்குள் நீர், மூச்சும் வாங்கியது. வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டுவதற்குள் முன்னால் யாருமே கண்ணில் படவில்லை. எல்லாரும் என்னால் தாமதப்படுகிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் அழுகை வருவதுபோல் இருந்தது. 46 வயதில், மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு, நடுத்தெருவில்!

"டீச்சர், மெதுவா வாங்க. முன்னால போனவங்க எப்படியும் திரும்பி வருவாங்க."

திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் விசில், ஆரஞ்சு நிற மழைச்சட்டை, முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். எல்லாருக்கும் பின்னால் வந்து, கடைசி ஆளைத் தனியே விடாமல் கூட்டிவருவது அன்று அவருடைய பொறுப்பு. நான் ஆசிரியை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தொடக்கநிலை நாலுல உங்ககிட்டதான் படிச்சேன் டீச்சர். 2004. கடைசி வரிசை, சன்னல் பக்கம்."

"அடடா, ஆமாம், நினைவிருக்கிறது" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நினைவே இல்லை.

இருவரும் நடந்தோம். அவர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களில் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கிறார். ஒரு மின்தூக்கி நின்றுவிட்டால் பத்தாம் மாடியில் இருக்கும் பாட்டி என்ன செய்வார் என்பதை நினைத்து நடு இரவிலும் போவாராம். கேட்கப் பெருமையாக இருந்தது. என் கைப்பையைப் பார்த்து, "டப்பாவுல என்ன டீச்சர், எள்ளுருண்டையா?" என்றார்.

நான் திகைத்தேன்.

"நீங்க வெள்ளிக்கிழமை கொண்டு வருவீங்களே. முதல்ல முடிக்கிற அஞ்சு பேருக்கு."

எனக்கு ஒரே பூரிப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு மாணவர் என் கைப்பலகாரத்தை மறக்கவில்லையே! "அவ்வளவு பிடிக்குமா உனக்கு?" என்றேன்.

"தெரியாது டீச்சர். நான் சாப்பிட்டதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அது தாங்கமுடியாததாக இருந்தது. நன்யாங் வளாகத்தில் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் அவை. பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கு ஆவலோடு வரவேண்டும் என்பதற்காக, என் சொந்தச் செலவில், நள்ளிரவுவரை விழித்திருந்து உருட்டிக் கொண்டுபோவேன். நான் ஒரு நல்ல ஆசிரியை என்பதற்கு நானே வைத்திருந்த சான்று அந்த எள்ளுருண்டை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஐந்து உருண்டை, பள்ளி நடக்கும் வாரங்கள் நாற்பது. ஆண்டுக்கு 200 உருண்டைகள். வகுப்பில் இருபத்திரண்டு பேர். அந்த 200 உருண்டைகளும் ஏறக்குறைய அதே ஏழெட்டுப் பிள்ளைகளின் வாய்க்குத்தான் போயின. சன்னல் ஓரத்துப் பிள்ளைக்கு ஒன்றுகூடப் போகவில்லை, எனக்கும் அது கண்ணில் படவில்லை.

அவர் மறு ஆண்டு இஎம்3 பிரிவுக்குப் போனார். இளைய ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். தொடக்கநிலை நான்கின் முடிவில் பிள்ளைகளைத் தரம்பிரித்து, மெதுவாகக் கற்பவர்களைத் தனி வகுப்பில் வைத்த முறை அது. 2008இல் அது கைவிடப்பட்டு, பாடத்துக்குப் பாடம் தனித்தனியே நிலையைத் தேர்ந்துகொள்ளும் முறை வந்தது.

கேம்பல் லேன் பூக்கடைகளின் கூரைக்கடியில் வந்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. அவருடைய மகள் வரும் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். நூலகத்திலிருந்து தமிழ்க் கதைப்புத்தகங்களும் எடுத்து வருகிறார்கள். "ஆனா நான் படிச்சுக் காட்டமாட்டேன் டீச்சர். அவ அம்மா மலேசியாவுல தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க, அவங்க படிப்பாங்க. அவங்களுக்கு நைட் ஷிஃப்ட்னா அன்னிக்குக் கதை இல்ல. நான் தப்பா படிச்சு, பிள்ளை அதையே கத்துக்கிட்டா? மெதுவாதான் எனக்குப் படிக்க வரும். அவளே என்னைவிட வேகமாப் படிப்பா."

இரவில் மூடிய லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நிற்க அஞ்சாத ஒருவர், ஆறு வயது மகள் முன்னால் ஒரு படக்கதையைத் திறக்க அஞ்சுகிறார். யார் விதைத்த அச்சம் அது என்று நான் கேட்கத் தேவையில்லை.

பஃபளோ சாலை முனையில் மாவு அறவே இல்லை. மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே முன்னோடிகள் அனைவரும் நின்றிருந்தார்கள். சிலர் கெர்பாவ் சாலைக்குள் ஓடித் திரும்பினார்கள், சிலர் சிராங்கூன் சாலைவரை போய் வந்தார்கள். எங்கும் அடையாளம் கிடைக்கவில்லை. நானும் அந்த இளைஞரும் நடந்தே வந்து அவர்களைச் சேர்ந்துவிட்டோம். கடைசியில் யாருக்கும் பாதை கிடைக்காததால், எல்லாருமாகச் சேர்ந்து பேசி, ரேஸ் கோர்ஸ் சாலை வழியே ஓவன் சாலைக்கு ஒரே கூட்டமாக நடந்து திரும்பினோம். வேகமாக ஓடியவரின் கைக்கடிகாரம் ஏழு கிலோமீட்டர் காட்டியது, என்னுடையது நான்கு. அவருக்கு வேண்டிய ஓட்டம் அவருக்கும், எனக்கு முடிந்த ஓட்டம் எனக்கும் கிடைத்தது. ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம்.

கீழ்த்தளத்தில் வட்டமாக நின்றார்கள். அது அவர்களின் சடங்கு. ஓட்டத்தில் தவறு செய்தவர்களை வட்டத்தின் நடுவே அழைத்து, எல்லாரும் பாட, ஒரே மூச்சில் ஒரு குவளை குடிக்கவைப்பார்கள். மற்ற குழுக்களில் அது பீர். எங்கள் குழு குடும்பக் குழு. அதோடு, இந்த வட்டாரத்தில் வாரயிறுதியில் பொது இடத்தில் மது அருந்த 2015ஆம் ஆண்டின் சட்டமும் இடங்கொடாது. ஆகவே ரோஜாப்பாகு கலந்த பண்டோங். கோலத்தைத் துரத்திய இளைஞர்களுக்கு ஒரு குவளை. புதிதாக வந்த எனக்கு ஒரு குவளை. (சர்க்கரையை நினைத்துக்கொண்டே குடித்தேன்.) "பந்தயம் ஓடியதற்காக" ஒருவருக்கு ஒரு குவளை! மற்றவர்களை முந்துவதையே நோக்கமாகக் கொண்டு ஓடுவது அங்கே குற்றமாம்.

பிறகு டப்பாக்களைத் திறந்தார்கள். மலாய்ப் பெரியவர் ஒருவர் ஒண்டே-ஒண்டே செய்து வந்திருந்தார். கடித்தால் உள்ளே குலா மலாக்கா பாகு வெடித்தது, மேலே துருவிய தேங்காய். என் தோழி அன்னாசிப்பழ டார்ட். ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் வாழைப்பழக் கேக் கொண்டுவந்து, ஒரு மூலை மழையில் நனைந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். ஒவ்வொரு டப்பாவின்மேலும் சீட்டு ஒட்டியிருந்தது: முட்டை உண்டு, முட்டை இல்லை, ஹலால், கடலை உண்டு. எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட முடியாத ஊரில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட இப்படித்தான் வழி செய்துகொள்கிறோம்.

என் அறுபது உருண்டைகளும் கடகடவென்று தீர்ந்தன. கறுப்பு நிறத்தைப் பார்த்து முதலில் தயங்கியவர்கள் இரண்டாவது முறை வந்து கை நீட்டினார்கள். இளைஞரை மட்டும் காணவில்லை. பின்தொடர்ந்து வருபவருக்கு வேலை கடைசிவரை இருக்கும். நனைந்த மழைச்சட்டைகளை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். டப்பாவில் இரண்டு மிச்சம் இருந்தபோது மூடிவிட்டேன். ஒண்டே-ஒண்டே பெரியவர் ஆசையோடு எட்டிப் பார்த்தார். "மன்னியுங்கள், இது ஒருவருக்காக வைத்திருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

இளைஞர் வந்ததும் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"இனிப்பா இருக்கு டீச்சர். அப்ப நான், கறுப்பாத்தானே இருக்கு, கசக்கும்னு நினைச்சுக்குவேன். அப்படி நினைச்சா பரவாயில்லாம இருக்கும்."

"என்னை மன்னித்துவிடு, தம்பி" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஐயோ டீச்சர், என்ன இது" என்று அவர் பதறிப்போனார். இன்னோர் உருண்டையை மெல்லிய தாளில் சுற்றி மகளுக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, நான் பணியில் சேர்ந்த காலத்துக்கும் இன்றைக்கும் கல்வி முறை எவ்வளவோ மாறிவிட்டது. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் தேர்வே இல்லை. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிடும் முறை போய்விட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய பிரிவுகள் இல்லை. ஆனால் 'முதலில் முடிப்பவருக்கு' என்று நான் என் வகுப்பில் வைத்திருந்த விதியை அமைச்சு வைக்கவில்லை, நானே வைத்தேன். எள்ளுருண்டை ஒட்டுவில்லையாகவும் நட்சத்திரமாகவும் உருமாறிச் சென்ற ஆண்டுவரை என்னோடு இருந்தது.

போட்டி இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் சோம்பிவிடமாட்டார்களா என்று பெற்றோர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். அன்று ஏழு கிலோமீட்டர் ஓடியவர் சோம்பி நிற்கவில்லை. என்னைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடினார். அவர் பொய்ப்பாதையில் ஓடித் திரும்பியதால்தான் எங்களுக்கு உண்மைப் பாதை தெரிந்தது. வேகம் உள்ளவருக்குக் கூடுதல் தேடலைக் கொடுக்கலாம், கூடுதல் பரிசை அல்ல. ஜனவரியில் மூன்றைச் செய்து பார்க்கப் போகிறேன். கட்டுரையை விரைந்து முடிப்பவர் அதே கதைக்கு வேறொரு முடிவைத் தேடி, அதை வகுப்புக்கு உரக்கச் சொல்ல வேண்டும். வாசிப்பு நேரத்தில் நான் முன்னால் நிற்காமல் கடைசி வரிசையில் உட்காரப் போகிறேன். பலகாரம் கொண்டுபோனால், பெற்றோரிடம் ஒவ்வாமை பற்றிக் கேட்டறிந்த பின், கடைசிப் பிள்ளை முடித்ததும் அனைவருக்கும் கொடுக்கப் போகிறேன்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தமிழ் தடுமாறும் தமிழாக இருந்தாலும், பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். பிழை வந்தால் வரட்டும். பிழையைத் திருத்த நாங்கள் இருக்கிறோம். இரவு பத்து நிமிடம் உங்கள் தோளில் சாய்ந்து கதை கேட்கும் சுகத்தை எங்களால் கொடுக்க முடியாது.

அந்த இளைஞரிடமும் இதையேதான் சொன்னேன். "பார்ப்போம் டீச்சர்" என்றார். நான்கு நாள் கழித்து, இரவு ஒன்பதரை மணிக்கு, கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. யானையும் எறும்பும் வரும் கதை. எழுத்துக் கூட்டிக் கூட்டி மெதுவாகப் படிக்கிறார். நடுவில் ஒரு சின்னக் குரல், "அப்பா, அது 'ழ'" என்கிறது. "ஓ, 'ழ'வா? சரி சரி" என்று சொல்லிவிட்டு மேலே படிக்கிறார். இரண்டு இடங்களில் லகரமும் ளகரமும் மாறியிருந்தன. இரண்டு முறை கேட்டேன், எதையும் திருத்தவில்லை.

உங்கள் வகுப்பின் சன்னல் ஓரத்தில் இந்த ஆண்டு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பள்ளி திறப்பதற்குள் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நானும் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை